சீசன் முடிந்த பின் ஊருக்கு என்ன மிச்சம்?

சீசன் ஒன்று முடிந்ததும் வியாபாரி செய்யும் முதல் வேலை கணக்குப் பார்ப்பது. எவ்வளவு சரக்கு போனது, எவ்வளவு காசாக வந்தது, எவ்வளவு கடனாக நிற்கிறது, எவ்வளவு பழுதாகிக் கொட்டப்பட்டது என்று கொப்பியைத் திறந்து கூட்டிக் கழித்துப் பார்த்தால்தான் அடுத்த வருடம் எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்று தெரியும். ஆனால் ஒரு முழு ஊரும் சேர்ந்து ஒரு சீசனை நடத்தும்போது அந்த ஊரின் கணக்கை யார் பார்க்கிறார்கள்?

பொத்துவிலை எடுத்துக்கொள்வோம். ஏப்ரல் கடைசியில் தொடங்கி ஒக்டோபர் வரை அறுகம் குடாவில் சீசன். அலைச் சறுக்கலுக்காக உலகின் நாலா பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். கடற்கரைக் குடிசைகளில் தங்கிய ஒருசில வெள்ளைக்கார இளைஞர்களோடு அன்று தொடங்கிய இந்தத் தொழில், இன்று உல்லை வீதியின் இரு பக்கமும் ஹோட்டல், ரெஸ்டூரண்ட், சறுக்குப் பலகை வாடகைக் கடை, ஆட்டோ என்று நிறைந்து நிற்கிறது. 2021இல் நாடு முழுவதற்கும் வந்த உல்லாசப் பயணிகள் 2 இலட்சம் பேர்கூட இல்லை. 2024இல் அத்தொகை 20 இலட்சத்தைத் தாண்டியது. இந்த ஏற்றத்தின் பங்கு பொத்துவிலுக்கும் கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ்.

அக்கரைப்பற்றிலிருந்து உல்லைக்குச் சரக்கு அனுப்புகிறவன் என்ற முறையில் நானும் இந்தச் சீசனில் உழைப்பவன்தான். ஆகவே சுற்றுலா வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. வருகிற பணத்தில் ஊருக்கு எவ்வளவு தங்குகிறது, அதைக் கூட்டுவதற்கு ஊரின் கையில் என்ன இருக்கிறது என்பதை வியாபாரிகளாகிய நாம் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது என்பதால் எழுதுகிறேன்.

வரவுப் பக்கம்

ஓர் உல்லாசப் பயணி உல்லையில் ஒரு நாள் செலவழிக்கும் பணத்தின் பயணத்தைப் பார்ப்போம். அறையை அவர் வெளிநாட்டில் இருந்தபடியே இணையத்தில் பதிவு செய்கிறார். அந்தப் பதிவு நிறுவனம் நூற்றுக்குப் பதினைந்து அளவில், சில வேளை அதற்கும் மேலே, தரகை எடுத்துக்கொள்கிறது. அந்தப் பணம் இலங்கைக்கே வருவதில்லை. காலையில் அவர் கேட்கும் பழத்தட்டுக்கு வேண்டிய அவகாடோவும் ஸ்ட்ரோபெரியும் மலைநாட்டிலிருந்து மொனராகலை வழியாக லொறியில் வருகின்றன. சலாது இலையும் கரட்டும் அப்படியே. கோழி வெளி மாவட்டத்துப் பண்ணைகளிலிருந்து வருகிறது. சறுக்குப் பலகை இறக்குமதி. பல இடங்களில் சமையற்காரரும் பரிமாறுகிறவரும் தெற்கிலிருந்து சீசனுக்கு வந்து, சீசன் முடிந்ததும் சம்பளத்தோடு போகிறவர்கள். கட்டடத்தின் சொந்தக்காரர் கொழும்பில் இருந்தால் இலாபமும் கொழும்புக்குப் போய்விடும்.

இதில் தவறு ஒன்றும் இல்லை. வியாபாரம் என்றால் அப்படித்தான். நான் அனுப்பும் மாவும் சீனியும் பருப்பும்கூட பொத்துவிலில் விளைந்தவை அல்லவே. ஆனால் ஊரில் தங்கும் பங்கு எது என்று பிரித்துப் பார்த்தால் மிஞ்சுவது இவைதான்: கடலில் பிடித்த மீன், ஆட்டோக்காரரின் கூலி, உள்ளூர்ப் பிள்ளைகளின் சம்பளம், காணி வாடகை, அலைச் சறுக்கல் கற்றுக்கொடுக்கும் இளைஞர்களின் வருமானம், சொந்த வீட்டில் இரண்டு மூன்று அறை கட்டி விடுகிற குடும்பங்களின் உழைப்பு. பொத்துவில் களப்பில் மீனவர்களே தோணியில் உல்லாசப் பயணிகளை ஏற்றிக் கண்டல் காடுகளைக் காட்டி வருகிறார்கள். அதில் கிடைக்கும் ரூபாய் முழுசாக ஊரில் தங்கும் ரூபாய். அப்படியான ரூபாய்களை எப்படிப் பெருக்குவது என்பதே கேள்வி.

செலவுப் பக்கம்

வரவு பல ஊர்களுக்குப் பிரிந்து போகிறது. செலவு மட்டும் ஒரே ஊரில் தங்கிவிடுகிறது.

முதலாவது தண்ணீர். கிழக்குக் கரையில் மழை ஒக்டோபர் கடைசி முதல் ஜனவரி வரை. சுற்றுலாச் சீசன் மே முதல் செப்டெம்பர் வரை. அதாவது கிணற்றில் தண்ணீர் வற்றும் மாதங்களில்தான் ஊரில் ஆள் தொகை கூடுகிறது. கடலோர மணல் நிலத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் ஒரு படையாக நிற்கிறது. மோட்டர் வைத்து அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே இருக்கும் உப்பு மேலே ஏறும். அதே மணலில் மலசலகூடக் குழிகளை நெருக்கி நெருக்கி வெட்டினால் அந்த அழுக்கும் கிணற்றுக்கே வரும். ஹோட்டல்காரர் பவுசரில் தண்ணீர் வாங்குவார். பக்கத்து வீட்டு ஏழைப் பெண் எங்கே வாங்குவாள்?

இரண்டாவது குப்பை. தண்ணீர்ப் போத்தல், பியர் போத்தல், பொலித்தீன், உணவுக் கழிவு எல்லாம் சேர்ந்து போகும் இடம் ஊரின் ஓரத்துக் காடு. எங்கள் மாவட்டத்தில் காடு என்றால் யானை. அம்பாறைக்குப் பக்கத்தில் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று எட்டு வருடத்தில் சுமார் 20 யானைகள் இறந்ததாக 2022 ஜனவரியில் உலகப் பத்திரிகைகள் படத்தோடு எழுதின. லாகுகல, குமண தேசிய பூங்காக்களில் யானை பார்க்க வருகிறவரின் குப்பையே யானையைக் கொன்றால் நாளைக்கு அவர் எதைப் பார்க்க வருவார்?

மூன்றாவது காணி. கடற்கரையோரத்தில் ஒரு பேர்ச் காணி இன்று சாதாரண மீனவக் குடும்பம் வாங்கக்கூடிய விலையில் இல்லை. விற்றவருக்குக் கையில் காசு வந்தது உண்மை. ஆனால் அவருடைய பிள்ளைகள் வீடு கட்ட உள்ளே உள்ளே போக வேண்டியிருக்கிறது. வெளியூர் ஆசிரியருக்கு வாடகைக்கு வீடு கிடைப்பதில்லை. வீட்டுக்காரர் அதே அறையைச் சீசனில் நாள் கணக்கில் விடவே விரும்புகிறார்.

நான்காவது கரை. தோணியை ஏற்றி வைக்கவும் வலையைக் காயப் போடவும் மீனவருக்கு மணல் வேண்டும். அதே மணலில் கதிரை போட ஹோட்டலுக்கும் இடம் வேண்டும். இந்த இழுபறியில் பணம் உள்ளவர் வெல்வார் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

ஐந்தாவதும் ஒன்று உண்டு. அது காசில் எழுத முடியாதது. பள்ளிவாசலும் மத்ரஸாவும் உள்ள ஊரின் தெருவில் உடை, சத்தம், போதை என்று வரும் உரசல்கள். இவற்றைப் பற்றி ஜும்ஆவுக்குப் பிறகு கூடிக் கவலைப்படுகிறோம். அடுத்த நாள் மறந்துவிடுகிறோம்.

சபையின் கையில் இருப்பது

இவற்றையெல்லாம் கொழும்பில் உள்ள அமைச்சர் வந்து தீர்ப்பார் என்று காத்திருக்கிறவர்கள் பலர். ஆனால் கடைக்கு அனுமதிப்பத்திரம் கொடுப்பது யார்? குப்பை அள்ளுவது யார்? வீட்டு வரைபடத்துக்கு அனுமதி கொடுப்பது யார்? பிரதேச சபை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் இந்த அதிகாரங்களையும், தன் எல்லைக்குள் துணை விதிகளை ஆக்கும் அதிகாரத்தையும் சபைக்குக் கொடுத்திருக்கிறது.

வரி விடயத்தில் அந்தச் சட்டம் சொல்வதை வியாபாரிகள் கவனமாகப் பார்க்க வேண்டும். சாதாரண அனுமதிப்பத்திரத்துக்குச் சட்டத்தில் எழுதப்பட்ட உச்ச வரம்பு, கட்டடத்தின் வருடப் பெறுமதியைப் பொறுத்து 500, 750, 1000 ரூபாய். அனுமதிப்பத்திரம் தேவைப்படாத தொழில்களுக்கான வியாபார வரியின் உச்சம் 3000 ரூபாய். 1987இல் அது கனமான தொகை. இன்று அது இரண்டு பேரின் இரவுச் சாப்பாட்டுக்குக் காணாது.

ஆனால் சுற்றுலா அதிகார சபையில் பதிவு செய்த ஹோட்டல், ரெஸ்டூரண்ட், தங்குமிடங்களுக்கு அதே சட்டத்தில் வேறு கணக்கு. முந்திய வருட வசூலில் நூற்றுக்கு ஒன்று வரை சபை அறவிடலாம். வருடத்தில் ஒரு கோடி ரூபாய் வசூலிக்கும் இரண்டு ஹோட்டல்கள் பக்கம் பக்கமாக இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். பதிவு செய்தது ஒரு இலட்சம் ரூபாய் வரை சபைக்குக் கொடுக்க வேண்டும். பதிவு செய்யாதது சட்டத்தின் பழைய வரம்பின்படி அதிகபட்சம் 1000 ரூபாய் கொடுத்தால் போதும். குப்பை இரண்டுக்கும் ஒரே அளவு. ஆகவே ஒரு தங்குமிடம் பதிவு இல்லாமல் இருப்பதால் நட்டம் கொழும்புக்கு என்று நினைக்க வேண்டாம். முதல் நட்டம் ஊருக்கு.

இன்னொரு நூற்றுக்கு ஒன்றும் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பதிவு செய்த நிறுவனங்கள் புரள்வில் நூற்றுக்கு ஒன்றைச் சுற்றுலா அபிவிருத்தி அறவீடாகக் கட்டுகின்றன. அது மத்திய நிதியத்துக்குப் போய், நாட்டை வெளியுலகில் விளம்பரப்படுத்துவது போன்ற வேலைகளுக்குச் செலவாகிறது. தேசிய பூங்காக்களின் நுழைவுச் சீட்டுப் பணமும் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கே. ஊரின் வடிகானுக்கும் குப்பை லொறிக்கும் உரிய பணம் சபை அறவிடும் பங்குதான்.

இந்தச் சபைகளுக்கும் ஒரு சோதனைக் காலம் இருந்தது. உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. தேர்தல் 2025 மே 6ஆம் திகதிதான் நடந்தது. இடையில் இரண்டு முழுச் சீசன்கள், அதுவும் நெருக்கடிக்குப் பிறகு ஆட்கள் திரும்பிவந்த சீசன்கள், தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர் எவரும் இல்லாமலே கழிந்தன. கிழக்கு மாகாண சபையின் காலமும் 2017இல் முடிந்து, துணை விதிகளுக்கு அங்கீகாரம் கொடுக்கும் வேலை ஆளுநரின் மேசைக்குப் போனது. ஊருக்கு ஆள் இல்லாத காலத்தில் ஊருக்கு விதியும் இருக்காது.

மேலிருந்து வந்த திட்டம்

உள்ளூரில் திட்டம் இல்லாத இடத்துக்கு வெளியிலிருந்து திட்டம் வரும். இதைப் பொத்துவில் மக்கள் ஒருமுறை அனுபவித்திருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26இல் சுனாமி அந்தக் கரையைத் துடைத்தெடுத்தது. அதன் பிறகு கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்று அரசு அறிவித்தது. 2005இல் அறுகம் குடாவுக்கென ஒரு வள அபிவிருத்தித் திட்டம் வந்தது. சுமார் 8 கோடி டொலர் மதிப்பில், பணக்கார உல்லாசப் பயணிகளுக்கான விடுதிகள், கடல் விமானத் துறை, ஹெலிகொப்டர் இறங்குதளம் என்று அதில் எழுதியிருந்தது. மீனவர் உள்ளே போக வேண்டும், ஹோட்டல் கரையில் நிற்கலாம் என்பதே மக்கள் அதிலிருந்து விளங்கிக்கொண்டது. கனேடிய எழுத்தாளர் நவோமி க்ளைன் 2007இல் வெளியிட்ட நூலில் இதை 'இரண்டாவது சுனாமி' என்ற பெயரில் எழுதி உலகறியச் செய்தார்.

மக்கள் எதிர்த்தார்கள். அந்தத் திட்டம் எழுதியபடி நிறைவேறவில்லை. தடை எல்லையும் பின்னர் தளர்த்தப்பட்டது. நல்லது. ஆனால் அதற்குப் பதிலாக நம்முடைய திட்டம் என்று ஒன்றை நாம் எழுதிக் கொடுக்கவில்லை. ஆகவே அடுத்த இருபது வருடமும் இடம் கிடைத்தவர் கிடைத்த இடத்தில் கட்டினார். மலைநாட்டில் எல்லவுக்கும் கிட்டத்தட்ட இதே கதை. மண்சரிவு அபாயம் உள்ள சரிவுகளில் விடுதிகள் எழும்பின. எந்தக் கட்டடம் எங்கே வரலாம் என்ற கேள்வி கட்டடங்கள் வந்த பிறகுதான் கேட்கப்பட்டது.

குமரகம் செய்தது

அயலில் உள்ள கேரளத்தில் குமரகம் என்றொரு கிராமம் இருக்கிறது. கோட்டயம் மாவட்டத்தில், வேம்பநாட்டுக் காயலின் கரையில். வயலும் மீனும் படகும்தான் அந்த ஊர். அங்கே பெரிய ஹோட்டல்கள் வந்தபோது நமக்கு நடந்ததே அவர்களுக்கும் நடந்தது. மரக்கறி வெளியூரிலிருந்து, வேலையாள் வெளியூரிலிருந்து, காயலுக்குப் போகும் பாதை ஹோட்டல் மதிலுக்குள். ஊரார் கொதித்தார்கள்.

2008இல் கேரள அரசு 'பொறுப்புச் சுற்றுலா' என்ற திட்டத்தைக் குமரகம் உள்ளிட்ட நான்கு இடங்களில் தொடங்கியது. குமரகத்தில் ஊர்ப் பஞ்சாயத்து அதை முன்னுக்கு நின்று எடுத்துக்கொண்டது. ஹோட்டல்காரரையும் விவசாயிகளையும் குடும்பஸ்ரீ என்ற பெண்கள் சுயஉதவிக் குழுக்களையும் ஒரே மேசையில் இருத்தினார்கள். ஹோட்டல்கள் உள்ளூர் விளைபொருளை வாங்குவதென்று உடன்பட்டன. விலையை ஹோட்டல்காரரும் தீர்மானிக்கவில்லை, விவசாயியும் தீர்மானிக்கவில்லை. அதற்கென ஒரு விலைக் குழு. தரம் பார்க்க இன்னொரு குழு. பெண்கள் நடத்திய ஒரு கடை பொருட்களைச் சேகரித்து ஹோட்டல்களுக்கு விநியோகித்தது. தரிசாகக் கிடந்த நிலத்தில் மீண்டும் பயிர் வந்தது. இந்த வேலைக்காகக் கேரள சுற்றுலாத்துறைக்கு ஐக்கிய நாடுகள் உலக சுற்றுலா அமைப்பின் யுலிசஸ் விருது 2014 ஜனவரியில் மத்ரித் நகரில் வழங்கப்பட்டது.

வியாபாரியின் கண்ணால் இதைப் பாருங்கள். ஹோட்டல்காரர் உள்ளூரில் வாங்காமல் விடுவது வெறுப்பினால் அல்ல. ஒரு நாள் இருபது கிலோ கத்தரிக்காய் வரும், அடுத்த நாள் ஒன்றும் வராது என்றால் அவர் வாங்க மாட்டார். நானும் வாங்க மாட்டேன். அளவு, தரம், நேரம், விலை என்ற நான்கையும் ஒருவர் பொறுப்பேற்றுக் கொடுத்தால் அவர் தூர இடத்திலிருந்து கொண்டுவரும் லொறிக் கூலியை மிச்சம் பிடிக்கவே விரும்புவார். குமரகத்தில் அந்தப் பொறுப்பை எடுக்க ஒரு சபை முன்வந்தது. பொத்துவில் பக்கத்தில் நெல் இருக்கிறது, எருமைத் தயிர் இருக்கிறது, மீன் இருக்கிறது, முட்டைக்கும் கீரைக்கும் வெண்டிக்காய்க்கும் வழி இருக்கிறது. அவகாடோ வேண்டாம் என்று சொல்லவில்லை. தயிரும் முட்டையும் கீரையுமாவது உள்ளூரில் வாங்கப்படட்டும் என்கிறேன்.

மாஃபுஷியின் வேலி

குமரகம் பணத்தை ஊரில் தங்க வைத்த கதை. ஊரின் ஒழுக்கத்தையும் வருகிறவரின் விருப்பத்தையும் எப்படிச் சேர்த்து நடத்துவது என்பதற்கு நமக்கு மிகக் கிட்டிய உதாரணம் மாலைதீவு. அது முழுக்க முஸ்லிம் நாடு. 2009 வரையில் உல்லாசப் பயணிகளைத் தனித் தீவுகளில் வைத்து, மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் விடுதி நடத்த விடாமல் வைத்திருந்தார்கள். இலாபம் பெரிய முதலாளிகளோடு நின்றது. அதன் பிறகு சாதாரணக் குடும்பங்களும் விடுதி நடத்த அனுமதி வந்தது. மாலே நகருக்குத் தெற்கே உள்ள மாஃபுஷி என்ற சிறு தீவு அதில் முன்னுக்கு வந்தது.

அவர்கள் செய்த ஏற்பாடு எளிமையானது. கரையில் ஒரு பகுதியை வேலியால் மறைத்து, உல்லாசப் பயணிகள் தங்கள் உடையில் குளிக்க ஒதுக்கிவிட்டார்கள். மற்ற இடமெல்லாம் ஊரின் இடம். அங்கே ஊரின் ஒழுங்கு, அதற்கான அறிவிப்புப் பலகை. தீவில் மது விற்பனை இல்லை. வருகிறவருக்கு எல்லை எது என்று விமானம் ஏறும் முன்பே தெரியும். கோபமும் இல்லை, குழப்பமும் இல்லை. வாழும் தீவுகளில் உள்ள சிறு விடுதிகளில் தங்கும் ஒவ்வொருவருக்கும் இரவுக்கு 3 டொலர் பசுமை வரி 2016இல் வந்தது. 2025 ஜனவரியிலிருந்து அது 6 டொலராகியது. அதனால் ஆட்கள் வராமல் விடவில்லை.

நம் நாடு பல்லின நாடு. மாலைதீவின் சட்டம் இங்கே பொருந்தாது. ஆனால் எல்லையை முன்கூட்டியே தெளிவாக எழுதி வைப்பது எங்கும் பொருந்தும். சத்தத்தைப் பற்றியும் ஒரு தகவல். 2007இல் வெலிகமப் பள்ளிவாசல் ஒன்றின் ஒலிபெருக்கி சம்பந்தமான வழக்கில் உயர் நீதிமன்றம், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக் கூடாதென உத்தரவிட்டது. அன்று நாம் அதை நமக்கு எதிரான தீர்ப்பாக மட்டும் பார்த்தோம். அதே உத்தரவு கடற்கரை விருந்துக்கும் பொருந்தும்.

பெயர்ப் பலகைக்குப் பின்னால் யார்?

வெளிநாட்டவர் நடத்தும் வியாபாரங்களைப் பற்றியும் பேச வேண்டும். 2024 பெப்ரவரியில் உனவட்டுனவில் 'வெள்ளையர் மட்டும்' என்று விருந்து அறிவித்து, நாடே கொதித்த பிறகு அது இரத்தானது நினைவிருக்கும். அதே வருடம் ஒக்டோபர் 23இல் அமெரிக்கத் தூதரகம் அறுகம் குடாவுக்குப் போக வேண்டாம் என்று தன் பிரஜைகளை எச்சரித்தது. இஸ்ரேலும் தன் நாட்டவரை வெளியேறச் சொன்னது. சீசனின் கடைசி வாரங்கள் பொலிஸ் காவலில் கழிந்தன. காஸாவில் நடப்பதைப் பார்த்து நமக்கு இருக்கும் வேதனையை இங்கே விவரிக்கத் தேவையில்லை. ஆனால் அந்த வேதனை எந்த விருந்தாளிக்கும் எதிரான கையோங்கலாக மாறக் கூடாது. நம் மார்க்கமும் அதை அனுமதிக்காது, நம் வியாபாரமும் அதைத் தாங்காது.

இதில் சபைக்குரிய கேள்வி ஒன்றுதான். இந்த இடம் யாருடைய பெயரில் இருக்கிறது, என்ன தொழிலுக்கு அனுமதி வாங்கியிருக்கிறது? வெளிநாட்டவருக்குக் காணியை அறுதியாக எழுதிக் கொடுப்பதை 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. சுற்றுலா விசாவில் வந்தவர் கடை நடத்த முடியாது. அப்படியிருந்தும் நடக்கிறது என்றால் நம்மில் ஒருவர் தன் பெயரை இரவல் கொடுத்திருக்கிறார். மாதம் ஒரு தொகைக்காகக் கொடுத்த அந்தப் பெயர் ஊரின் அமானிதம். எந்த நாட்டவர், எந்த மதத்தவர் என்று பாராமல் எல்லோரிடமும் ஒரே பத்திரத்தைக் கேட்பது சபையின் கடமை. அப்படிக் கேட்டால் இனவாதம் என்று எவரும் சொல்ல முடியாது.

நாம் கேட்க வேண்டியவை

பெரிய திட்டங்கள் வேண்டாம். பொத்துவிலோ எல்லவோ வேறு ஊரோ, சுற்றுலா உள்ள எந்தப் பிரதேச சபையிடமும் வியாபாரச் சங்கங்கள் கேட்கக்கூடிய ஐந்து விடயங்களைத் தருகிறேன்.

1. எல்லைக்குள் உள்ள எல்லாத் தங்குமிடங்களின் பட்டியலையும் சபை தயாரித்து அறிவித்தல் பலகையில் போட வேண்டும். பதிவில்லாதவர் பதிவு செய்ய ஒரு சீசன் அவகாசம் கொடுக்க வேண்டும். இரண்டு அறை விடும் ஏழைக் குடும்பம் பயப்படாமல் பதிய, படிவம் நிரப்ப உதவ ஓர் அலுவலரை வைக்க வேண்டும்.

2. அந்த நூற்றுக்கு ஒன்று வருமானத்தைத் தனிக் கணக்கில் வைத்து, குப்பை, தண்ணீர், கரை ஆகிய மூன்றுக்கும் மட்டும் செலவழிப்பதாகச் சபை தீர்மானம் எடுக்க வேண்டும். வருடம் ஒருமுறை அந்தக் கணக்கை ஊருக்குக் காட்ட வேண்டும். காசு எங்கே போகிறது என்று தெரிந்தால் கட்டுகிறவர் முணுமுணுக்க மாட்டார்.

3. குப்பைக் கட்டணம் அளவுக்கு ஏற்ப இருக்க வேண்டும். உணவுக் கழிவையும் போத்தலையும் பிளாஸ்டிக்கையும் பிரித்துக் கொடுப்பவருக்குக் குறைவு, கலந்து கொட்டுபவருக்குக் கூட.

4. மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடைவெளி, கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி, மீனவர் தோணி வைக்கும் இடம் இவை சரியாக இல்லாத கட்டடத்துக்கு வியாபார அனுமதிப்பத்திரம் கொடுக்கக் கூடாது. நீர்மட்டக் கோட்டிலிருந்து நிலப் பக்கம் 300 மீற்றர் கரையோர வலயம் என்று 1981ஆம் ஆண்டின் சட்டமே சொல்கிறது. புதிதாகச் சட்டம் தேட வேண்டியதில்லை.

5. ஹோட்டல்காரர், விவசாயிகள், மீனவர், வியாபாரிகள் சேர்ந்த ஒரு கொள்வனவுக் குழு. தயிர், முட்டை, மீன், கீரை என்று நான்கு பொருளோடு தொடங்கினால் போதும்.

கேட்கிற நாமும் கொடுக்க வேண்டியது இருக்கிறது. வெள்ளைக்காரருக்கு ஒரு விலை, ஊராருக்கு ஒரு விலை என்று வைப்பதை நிறுத்த வேண்டும். விலையைப் பொருளில் எழுதி வைப்பது சட்டம். ஏமாற்றிய காசில் பறக்கத் இல்லை என்பது நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதல்ல. பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு பகுதி என்று மத்ரஸாவில் படித்த சமுதாயம், கடை வாசலில் பொலித்தீன் மலையை வைத்துக்கொண்டு சபையை மட்டும் திட்ட முடியாது. இஸ்லாமிய நகரங்களில் முஹ்தஸிப் என்று ஒரு பதவி இருந்தது. அளவை, நிறுவை, தெருவின் சுத்தம், சந்தையின் ஒழுங்கு எல்லாம் அவருடைய பொறுப்பு. இன்று அந்தப் பொறுப்பின் பெரும் பகுதி பிரதேச சபையிடம் இருக்கிறது. அதற்குத் துணை நிற்க வேண்டியவர்கள் நாம்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல், 2020 கொரோனா, 2022 எரிபொருள் வரிசை என்று மூன்று அடி அடுத்தடுத்து விழுந்தபோது உல்லையில் எத்தனை கடைகள் மூடிக் கிடந்தன, எத்தனை பேருக்குக் கொடுத்த கடன் கொப்பியிலேயே நின்றது என்பது சரக்குக் கொடுத்த எல்லோருக்கும் தெரியும். சுற்றுலா ஒரு போகம். அதை மட்டும் நம்பி வயலையும் கடலையும் கைவிட்ட ஊர் அடுத்த அடியில் எழும்பாது. வயலுக்கும் கடலுக்கும் சேர்த்துச் சந்தை தரும் சுற்றுலாதான் நிலைக்கும்.

பிரதேச சபைகள் அடுத்த வருட வரவு செலவுத் திட்டத்தை வருடக் கடைசியில் நிறைவேற்றுகின்றன. பொத்துவில் பக்கம் அது மழைக் காலம். சீசன் கடைகள் மூடியிருக்கும், கையில் நேரமும் இருக்கும். அந்த நேரத்தில் ஹோட்டல்காரரும் மீனவரும் ஆட்டோச் சங்கமும் பள்ளிவாசல் நிர்வாகமும் சேர்ந்து இந்த ஐந்தையும் ஒரு பக்கத்தில் எழுதி, எல்லோரும் கையொப்பமிட்டு, திட்டம் வாசிக்கப்படும் முன்பே தவிசாளரின் கையிலும் ஒவ்வோர் உறுப்பினரின் கையிலும் கொடுக்க வேண்டும். வாக்குக் கேட்டு நம் கடை வாசலுக்கு வந்தவர்கள்தானே, நாம் அவர்கள் வாசலுக்கு ஒருமுறை போவதில் குறைவில்லை. அடுத்த சீசன் தொடங்கும்போது ஒரு கணக்குப் புத்தகம் ஊரின் பெயரிலும் திறந்திருக்கட்டும், இன்ஷா அல்லாஹ்.